எரிச்சல், குற்றவுணர்வு, கெட்டுப்போன உறக்கம்: மனதை அடக்குவதைத் தவிர என்ன செய்யலாம்?

கேட்டவர் நாற்பதை நெருங்கும் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், வீட்டில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் மாமியார். சிறிய விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது, பிள்ளைகளிடம் கத்திவிட்டு இரவில் அதையே நினைத்து உறக்கம் கெடுகிறது, “மனதை அடக்கப் பழகு” என்று வீட்டார் சொல்வதைச் செய்து பார்த்தால் எரிச்சல் கூடத்தான் செய்கிறது என்று எழுதியிருக்கிறார். உணர்ச்சிகளை அன்றாடம் எப்படிக் கையாள்வது, எந்தக் கட்டத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பவை அவருடைய இரண்டு கேள்விகள். மருத்துவ உளவியலாளர் என்ற முறையில் இவற்றுக்கு விடை சொல்கிறேன்.

அடக்கினால் கூடுகிறது என்று நீங்கள் சொல்வது சரியான கவனிப்பு. உங்கள் மன உறுதியில் குறை இருப்பதால் அப்படி ஆகவில்லை. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் ஒரு படத்தைக் காட்டி, பார்ப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களால் முகக்குறிகளைப் பெருமளவு மறைக்க முடிந்தது. ஆனால் உள்ளே எழுந்த அருவருப்பு சற்றும் குறையவில்லை. கை வியர்ப்பது, விரல் நுனியின் இரத்த நாளங்கள் சுருங்குவது போன்ற உடல் மாற்றங்கள் மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகமாகவே இருந்தன. எண்ணங்களை அடக்குவதற்கும் இதே கதிதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்காமல் இருக்கச் சொன்னபோது அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்ததும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக அவர்களுக்கு அந்தக் கரடி நினைவுக்கு வந்தது.

அப்படியானால் அடக்காமல் கொட்டித் தீர்த்துவிடலாமா என்றால், அதுவும் உதவுவதில்லை. கோபமூட்டப்பட்டவர்களைக் குத்துமூட்டையில் குத்தவிட்டு பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. தோழியிடம் ஒரு மணி நேரம் புலம்பிவிட்டு வந்த பிறகும் எரிச்சல் அப்படியே இருப்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். பேசுவது தவறு என்பதில்லை. நடந்ததையே திரும்பத் திரும்பச் சுற்றிவரும் பேச்சு, கோபத்துக்கு இன்னொரு சுற்று தீனி போடுகிறது.

இரண்டும் உதவாமல் போவதற்குக் காரணம், இரண்டுமே உணர்ச்சி முழுவதும் எழுந்து முடிந்த பிறகு செய்யப்படுபவை என்பதுதான். திடீரென்று வெடித்ததாக நமக்குத் தோன்றும் கோபத்துக்கும் ஒரு வரிசை உண்டு என்று கிராஸ் 1998-இல் விளக்கினார்: ஒரு சூழல் அமைகிறது, அதில் நம் கவனம் ஓரிடத்தில் பதிகிறது, கண்டதற்கு நாம் ஒரு பொருள் கொள்கிறோம், அதன் பிறகே உடலும் குரலும் மாறுகின்றன. கடைசிப் படியில் மறிப்பது கடினம். முந்தைய படிகளில் தலையிடுவது ஒப்பளவில் எளிது. உங்களுக்கு நான் சொல்லவிருக்கும் யோசனைகள் பெரும்பாலும் கத்துவதற்கு முந்தைய மணி நேரங்களைப் பற்றியவையாக இருப்பது அதனால்தான்.

சூழலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மனநலம் பற்றிய அறிவுரைகளில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது அதுதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை என்று இவற்றை உரைக்கலாம். இந்த நான்கில் ஒன்றுகூட ‘பலவீனமான மனம்’ அல்ல. நான்கும் ஒருவருக்கு நேர்ந்தவை. உணர்ச்சியைக் கண்டால் அது எதிலிருந்து பிறந்தது என்று முதலில் தேடும் இந்தப் பழக்கம் எங்கள் துறைக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் தேடினால் என்ன கிடைக்கும்? 2019-இல் இந்தியாவில் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். அதன் மேல் ஒரு பள்ளியின் முழுநேரப் பணியையும் ஒரு நோயாளியின் பராமரிப்பையும் ஏற்றிவைத்துவிட்டு, எரிச்சலை மட்டும் தனியே எடுத்துப் பழுது பார்க்க முடியாது. தினமும் காலை தியானம் செய்யுங்கள் என்று, ஐந்து மணிக்கே அடுப்படியில் நிற்பவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஆகவே ஒரு வாரத்துக்கு, எரிச்சல் எழுந்த நேரத்தையும் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். பள்ளிக்கு வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் நான் கேட்கும்போது பெரும்பாலும் வெளிவருவது, எரிச்சல் நாள் முழுவதும் பரவியிருக்கவில்லை என்பதுதான். காலை ஏழிலிருந்து எட்டுக்குள் ஒரு கொத்து, மாலை வீடு திரும்பிய முதல் அரை மணியில் இன்னொரு கொத்து என்று அது குவிந்திருக்கும். அந்தக் குறிப்பிட்ட நேரங்களிலிருந்து ஒரு வேலையையாவது வெளியேற்ற வேண்டும். சீருடையும் கையெழுத்திட வேண்டிய நாட்குறிப்பும் முந்தைய இரவே எடுத்து வைக்கப்படலாம். கணவரிடம் “கொஞ்சம் உதவுங்கள்” என்று கேட்பதைவிட, “அம்மாவின் காலை மருந்தும் இட்லியும் இனி உங்கள் பொறுப்பு, மாத்திரை தீர்ந்தால் வாங்குவதும் உங்களுடையதுதான்” என்று ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றுவது நல்லது. உதவி என்று கேட்டால் வேலையை நினைவில் வைத்திருக்கும் பாரம் உங்களிடமே தங்கிவிடும். களைப்பின் பெரும்பகுதி அந்த நினைவுப் பாரம்தான். முதல் இரண்டு வாரம் அவர் செய்யும் முறை உங்களுக்குப் பிடிக்காது. அதில் தலையிடாமல் இருந்தால் மட்டுமே கைமாற்றம் நிலைக்கும்.

அடுத்து உறக்கம். ஒருவருடைய உறக்கம் சீர்கெட்டிருக்கும்போது அவருடைய கோபத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. ஓரிரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு மனதைக் குலைக்கும் படங்களைக் காட்டி 2007-இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட மூளைப்பட ஆய்வில், அச்சத்தையும் ஆபத்தையும் உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதி, நன்கு உறங்கியவர்களுடையதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகத் தூண்டப்பட்டது. அதைத் தணிக்கும் முன்மூளைப் பகுதியுடன் அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. ஆகவே நேற்று பொறுத்துக்கொண்ட அதே சத்தத்துக்கு இன்று கத்துவது, நேற்றிரவு நான்கு மணி நேரம்தான் உறங்கினீர்கள் என்பதன் விளைவாக இருக்கலாம்.

உறக்கமின்மைக்கு நல்ல ஆதாரமுள்ள சிகிச்சை மாத்திரை அல்ல. நாட்பட்ட உறக்கமின்மைக்கு உறக்கத்துக்கென வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையையே, முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. அதன் மையப் பகுதி ரிச்சர்ட் பூட்ஸின் 1972-இல் வகுத்தது, வீட்டிலேயே செய்யக்கூடியது. உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும்; ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய், மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது செய்துவிட்டு, மீண்டும் உறக்கம் வரும்போது படுக்க வேண்டும்; இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். விழித்தபடியே கவலைப்படும் இடமாகப் படுக்கையை உடல் பழகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தை இது பல நாட்களில் அழிக்கிறது. முதல் வாரம் களைப்பு கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அந்த வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். காப்பியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக் காப்பியின் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். பகல் இரண்டு மணிக்கு மேல் காப்பி வேண்டாம் என்பதைத் தவிர வேறு கட்டுப்பாடு சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டார் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற, பதற்றத்தைத் தணித்து உறக்கம் வரவைக்கும் மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். அந்த வகை மருந்துகள் சில வாரங்களிலேயே உடலைப் பழக்கப்படுத்திவிடும். பிறகு திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும்.

இரவில் உங்களை விழிக்க வைப்பது, பிள்ளையிடம் கத்தியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. இதைத்தான் சூசன் நோலன் ஹோக்சிமா என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். இப்படி அசைபோடும் பழக்கமுள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும், வந்தது நீடிக்கும் வாய்ப்பும் அதிகம் என்று காட்டினார். அசைபோடுவதில் ஏமாற்றும் அம்சம் ஒன்றுண்டு: பிரச்சினையைத் தீர்க்க யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் யோசிக்கிறோமா, அசைபோடுகிறோமா என்பதைக் கேள்வியின் வடிவமே காட்டிவிடும். “நான் ஏன் இப்படி இருக்கிறேன்?” என்ற கேள்விக்கு இரவு ஒரு மணிக்கு எந்த விடையும் கிடைக்காது. “நாளைக்குக் காலணி தேடும் நேரத்தில் நான் என்ன செய்யப்போகிறேன்?” என்ற கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் விடை கிடைக்கும். ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டிருப்பதை உணர்ந்தவுடன் கேள்வியை ‘என்ன’, ‘எப்படி’ என்று மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியாத கேள்வி என்றால் அதை மாலைக்கு ஒத்திவையுங்கள்.

ஒத்திவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1983-இல் சோதித்துப் பார்த்தது அது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கவலைப்படுவதற்கென்றே அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் ஒரு வரியில் குறித்துக்கொண்டு, மாலை பார்த்துக்கொள்ளலாம் என்று செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் நினைக்காதே என்று மனதுக்குத் தடை போடுவதற்கும் பிறகு நினைக்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கும் வேறுபாடு பெரிது. வெள்ளைக் கரடி முன்னதற்குத்தான் திரும்பி வரும். அந்த நேரம் படுக்கைக்கு அருகிலும் படுக்கும் நேரத்துக்கு அருகிலும் இருக்கக் கூடாது. எழுதும் பழக்கம் உள்ளவராக இருந்தால் அந்த அரை மணியில் எழுதலாம். நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை அழுத்தும் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லி ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் தொடங்கிய ஆய்வுகள் பலவாகப் பெருகியிருக்கின்றன. கிடைத்த பயன் சிறியதே, ஆனால் செலவு இல்லாதது.

இனி, பொருள் கொள்ளும் படி. மகன் மூன்றாவது முறை கூப்பிட்டும் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். “வேண்டுமென்றே என்னைச் சோதிக்கிறான்” என்று மனம் சொன்னால் கோபம் வரும். “நேற்று பதினொரு மணி வரை கைப்பேசி பார்த்தான், உறக்கம் தெளியவில்லை” என்று சொன்னால் அலுப்பு வருமே தவிர அவ்வளவு கோபம் வராது. நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் இடையே மின்னி மறையும் இப்படிப்பட்ட தன்னியல்பு எண்ணங்களை ஆரன் பெக் 1960-களில் கண்டறிந்து, அவற்றின் மேல் ஒரு சிகிச்சை முறையையே கட்டினார். இதை ‘நல்லதே நினை’ என்ற அறிவுரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இனிமையான எண்ணத்தைத் தேடுவது இதன் வேலை அல்ல. எந்த எண்ணத்துக்குச் சான்று இருக்கிறது என்று பார்ப்பதே வேலை. சில நேரம் சான்றைப் பார்த்தால் உங்கள் கோபம் நியாயமானது என்றே தெரியவரும். ஒரு நாத்தனார் பராமரிப்பில் பங்கெடுக்காமல் குறை மட்டும் சொல்கிறார் என்றால், அந்தக் கோபத்தை மாற்றுப் பொருள் கொண்டு தணிப்பது சரியல்ல. அவரிடம் அமைதியாகவும் நேராகவும் பேசுவதற்கு அந்தக் கோபம் பயன்பட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோபம் எழும். எழும் கணத்தில் செய்யக்கூடியவை குறைவு, எளியவை. “எனக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது” என்று உணர்ச்சிக்குப் பெயரிட்டுச் சொல்லுங்கள். உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது அமிக்டலாவின் செயல்பாடு தணிவதை மாத்யூ லீபர்மன் குழு 2007-இல் காட்டியிருக்கிறது. மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்குங்கள். “ஐந்து நிமிடத்தில் வருகிறேன்” என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். சொல்லிவிட்டுப் போவது முக்கியம், சொல்லாமல் போனால் பிள்ளைக்கு அது புறக்கணிப்பாகத் தெரியும்.

கத்திவிட்டீர்கள் என்றால், அன்றே பிள்ளையிடம் போய், “நான் கத்தியது தப்பு, நீ பையை எடுத்து வைக்காததும் தப்புதான், அதைப் பிறகு பேசலாம்” என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். நீண்ட மன்னிப்பு வேண்டாம்; அழுது மன்னிப்புக் கேட்டால் உங்களைத் தேற்றும் வேலை பிள்ளையின் தலையில் விழும். இரவில் உங்களைத் தின்னும் குற்றவுணர்வுக்குப் பகலில் செய்யப்படும் இந்தச் சிறு திருத்தமே மருந்து.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கவனத்தை இழுத்தது: முன்பு செய்துவந்த தையலையும் மாலை நடையையும் விட்டுப் பல மாதங்கள் ஆகின்றன என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மனம் நன்றாக இருந்தால் செய்வேன் என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். பீட்டர் லெவின்சன் 1970-களில் இதைத் திருப்பிப் போட்டார்: மகிழ்வும் நிறைவும் தரும் செயல்கள் வாழ்க்கையிலிருந்து உதிர்வதே மனச்சோர்வை வளர்க்கிறது, ஆகவே மனம் வரும்வரை காத்திராமல் செயலை முதலில் திரும்பக் கொண்டுவர வேண்டும். நீல் ஜேக்கப்சன் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ளவர்களுக்குச் செயல்களை மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் கொடுத்தபோதும், எண்ணங்களை ஆராயும் பகுதிகளையும் சேர்த்த முழுச் சிகிச்சையைக் கொடுத்தபோதும் கிடைத்த பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வாரத்தில் மூன்று மாலை, இருபது நிமிட நடை என்று நாட்காட்டியில் எழுதிவையுங்கள். அன்று மனம் எப்படி இருந்தாலும் போய்விட்டு வாருங்கள்.

மருத்துவரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மனநல மருத்துவருக்கு முன்பே ஒரு பொது மருத்துவரைப் பார்ப்பது நல்லது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகை, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை களைப்பாகவும் எரிச்சலாகவும் சோர்வாகவும் வெளிப்படக்கூடியவை. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுபவை. எரிச்சல் மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் உச்சத்துக்குப் போகிறதா, மாதவிலக்கின் ஒழுங்கு மாறத் தொடங்கியிருக்கிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

பெரும்பகுதி நேரம் நீடிக்கும் சோர்வோ எதிலும் ஈடுபாடின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலும், வேலையும் வீட்டுப் பொறுப்பும் நடவாத நிலை வந்தாலும், பிள்ளையை அடிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு தவறினாலும் மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். முன்னவர் மருந்து எழுதித் தருபவர்; பின்னவர் பேச்சு வழிச் சிகிச்சை தருபவர், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்; 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

மருந்து எடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று முதலில் தரப்படும் மருந்துகள் போதை தருபவை அல்ல. ஆனால் அவை பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம் என்பதால் மருத்துவர் சொல்லியபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அதில் உள்ள விதிவிலக்குகள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற நிலைகளுக்கானவை, மேலதிகாரியின் ஆர்வத்துக்கானவை அல்ல. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் பங்கு நோய்க்கு நோய் வேறுபட்டு 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. அதற்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். இந்த அச்சங்களும் காரணம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது நான் மேலே சொன்ன ஒரு வாரத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது உறங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், எரிச்சல் எந்த நேரத்தில் எழுந்தது, மாதவிலக்குத் தேதி, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள், குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநலச் சிகிச்சை நடந்ததா ஆகியவை அதில் இருந்தால் போதும். தாள் இல்லாவிட்டால், கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பத்து நிமிடத்தில் பாதி, இந்தக் கேள்விகளைக் கேட்பதிலேயே போய்விடும்.